மற்றப் பதினொரு மாதங்கள்

நாற்பது ஐம்பது குடும்பங்கள் உள்ள ஒரு கிராமச் சபை தன் ஊரை எப்படிப் பார்க்கிறது என்று அறிய அதன் வரவுசெலவுப் புத்தகத்தைப் புரட்டினால் போதும். பிரதிஷ்டைப் பண்டிகை, அறுப்பின் பண்டிகை, மூன்று நாள் கன்வென்ஷன், கீதப்பவனி என்று வரிசையாக இருக்கும். அவற்றுக்குக் கீழே பந்தல், மைக்செட், ஜெனரேட்டர், பிளக்ஸ், வெளியூரிலிருந்து வரும் தேவசெய்தியாளருக்குக் கார் வாடகை. ஊருக்குச் செய்த பணி என்று தனியாக ஏதாவது எழுதியிருந்தால் அது பெரும்பாலும் டிசம்பரில் இருக்கும்: விதவைகளுக்குச் சேலை, பிள்ளைகளுக்கு நோட்டு, ஒருநாள் கண் சிகிச்சை முகாம். இவை தவறு என்று நான் சொல்லவில்லை. அப்படிப்பட்ட முகாமில் கண்புரை தெரியவந்து பார்வை மீண்டவர்கள் உண்டு. ஆனாலும், சேகரப் பணியில் இருக்கும் குருவானவன் என்ற முறையில் எனக்கு உறுதிப்பட்டிருக்கும் ஒன்றை எழுதியாக வேண்டும். அரசும் தொண்டு நிறுவனங்களும் நகரத்துப் பெரிய சபைகளும் நம்மைவிட நன்றாகச் செய்யக்கூடியதை ஆண்டுக்கு ஒருமுறை செய்துவிட்டு, நம்மால் மட்டுமே செய்ய முடிந்ததை நாம் செய்யாமல் விடுகிறோம். சிறிய சபையிடம் பணம் இல்லை, மருத்துவமனை இல்லை, ஆள்பலமும் இல்லை. அது அந்த ஊரிலேயே குடியிருக்கிறது. அதனிடம் இருக்கும் ஒரே பலம் அதுதான். ஊர்ப்பணி அந்தப் பலத்தின்மேல் நிற்க வேண்டும். ஆண்டு முழுவதும், சிறிய அளவில், தவறாமல் நடக்க வேண்டும். கொடுப்பதோடு, பெற்றுக்கொள்ளவும் தெரிந்ததாக இருக்க வேண்டும்.

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பகுதிச் சபைகளுக்கு இது ஏன் எளிதாக வருவதில்லை என்பதற்கு வரலாற்றில் ஒரு காரணம் இருக்கிறது. இங்கே சுவிசேஷம் பரவிய நாட்களில் ஊரைவிட்டு விலகுவதே உயிருக்குப் பாதுகாப்பாக இருந்தது. 1799இல் உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் துரத்தப்பட்ட விசுவாசிகளுக்காக நிலம் வாங்கிக் குடியேற்றிய ஊர்தான் முதலூர். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் காலத்தில், 1830இல் தோன்றிய தர்ம சங்கமும் இதே நோக்கத்தோடு நிலங்களை வாங்கியது. அடியும் அபராதமும் ஜெபவீடு எரிப்பும் அன்றாடம் நடந்த காலம் அது. அன்றைய பெரியவர்கள் எடுத்த முடிவைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் தனி ஊராகப் பிரிந்து வாழ்ந்ததில் ஒரு பழக்கம் உண்டாயிற்று: கோயில் வளாகத்துக்குள் நடப்பது நம் காரியம், வெளியே நடப்பது அவர்கள் காரியம். இந்துக் குடும்பங்களுக்கு நடுவே நாற்பது வீடாக இருக்கிற சபைகளும் அந்தப் பழக்கத்தை வாங்கிக்கொண்டன. பிரிந்து போக வேண்டிய தேவை அந்தச் சபைகளுக்கு இல்லை. பிரிந்தவர்களின் மனம் மட்டும் வந்து சேர்ந்துவிட்டது.

இந்தப் பழக்கத்தை நெடுநாள் ஈடுகட்டியது பள்ளிக்கூடம். பல ஊர்களில் உபதேசியாரே வாத்தியாராகவும் இருந்தார். ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும், எந்தச் சாமியைக் கும்பிடுகிற வீட்டிலிருந்து வந்தாலும், அவரிடம்தான் அரிச்சுவடி கற்றார்கள். பெரியவர்கள் மனு எழுதவும் கடிதம் வாசிக்கவும் அவரிடம் வந்தார்கள். இன்றும் எங்கள் பக்கத்தில் அறுபது எழுபது வயதான இந்துப் பெரியவர்களிடம் பேச்சுக்கொடுத்தால், உங்கள் திருமண்டலத்து டி.டி.டி.ஏ. பள்ளியில் படித்தேன் என்று உரிமையோடு சொல்வார்கள். அந்த உரிமையைச் சம்பாதித்தது எந்தக் கன்வென்ஷனும் அல்ல. ஊருக்குள்ளேயே குடியிருந்து தினமும் காலையில் மணியடித்த ஒரு வாத்தியார். பிறகு ஆசிரியர்கள் அரசுச் சம்பளத்தில் டவுனிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர்களானார்கள். ஆங்கில வழிப் பள்ளியின் வேன் கிராமத்துக்குள் வந்தது. பிள்ளைகள் குறைந்து பல பள்ளிகள் நலிந்தன, சில மூடப்பட்டன. பள்ளி நலிந்தபோது சபை ஒரு நிறுவனத்தை மட்டும் இழக்கவில்லை. கிறிஸ்தவர் அல்லாத அண்டைவீட்டாரைத் தினமும் சந்திப்பதற்கு இருந்த ஒரே வாசலையும் இழந்தது. அதற்கு மாற்றாக நாம் இன்னும் எதையும் ஏற்படுத்தவில்லை. டிசம்பர் மாதத்துச் சேலை அந்த இடத்தை நிரப்பாது.

பக்கத்தில் இருப்பதன் மதிப்பு என்ன என்பதை 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் வெள்ளம் எல்லாருக்கும் காட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணிக் கரை ஊர்கள் துண்டிக்கப்பட்டன. ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன திருச்செந்தூர் ரயிலில் நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கியபோது, ஹெலிகாப்டர் வந்து சேருமுன்னே பக்கத்துப் புதுக்குடி மக்கள் தங்களிடம் இருந்த அரிசியைப் போட்டுச் சமைத்துக் கொடுத்தார்கள். செய்துங்கநல்லூரில் பள்ளிவாசல் இந்துக் குடும்பங்களைத் தங்கவைத்துச் சோறு போட்டது. லாரி லாரியாக நிவாரணம் பிறகு வந்தது. அது இல்லாமலும் முடிந்திருக்காது. ஆனால் முதல் இரண்டு நாட்களில் உயிரைக் காத்தவர்கள் நடந்தே போய்ச் சேரக்கூடிய தூரத்தில் இருந்தவர்கள். சிறிய சபையின் கமிட்டி இதிலிருந்து கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இரவு பன்னிரண்டு மணிக்குத் தண்ணீர் ஏறினால் நம் ஆலயத்துச் சாவி யாரிடம் இருக்கிறது, அவர் வீடு எது என்பது பக்கத்துத் தெருவில் இருக்கும் இந்துத் தாய்க்குத் தெரியுமா? வாரத்தில் ஆறு நாள் பூட்டிக் கிடக்கும் கட்டடம் அந்த ஆறு நாளும் ஊருக்கு இல்லாத கட்டடம்தான்.

அரசு இவ்வளவு செய்கிறபோது சபைக்கு என்ன வேலை மிச்சம் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ரேஷன் அரிசி இலவசம். பள்ளியில் காலையும் மதியமும் சாப்பாடு. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. 2023இல் 1,200 ரூபாயாக உயர்ந்த முதியோர் உதவித்தொகை. அதே ஆண்டில் மாதம் 1,000 ரூபாயாகத் தொடங்கிய, தகுதியுள்ள குடும்பத்தலைவிகளுக்கான உரிமைத்தொகை. அந்தக் காலத்தில் சபைப் பெண்கள் உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் சேர்த்து ஆலயத்துக்குக் கொண்டுவந்தார்கள். நாற்பது வீட்டில் தினம் ஐம்பது கிராம் என்று வைத்தாலும் மாதம் அறுபது கிலோ வரும். பஞ்ச காலத்தில் அந்த அறுபது கிலோ பல உயிர்களுக்குச் சமம். இன்று அரிசிக்காக யாரும் நம்மிடம் வருவதில்லை. இன்று கிராமத்தில் இல்லாதது ஆள். பிள்ளைகள் சென்னையிலும் திருப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். வீட்டில் எழுபது வயதுத் தாயும் எழுபத்தைந்து வயதுத் தகப்பனும். உதவித்தொகை வரும், ஆனால் விரல்ரேகை பதியவில்லை என்று திருப்பி அனுப்பினால் இ-சேவை மையத்துக்குக் கூட்டிப்போக ஆள் இல்லை. காப்பீட்டு அட்டை இருக்கும். ஆனால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் விடியற்காலையில் ஓ.பி. சீட்டுக்கு வரிசையில் நிற்க ஒருவர், நோயாளியைத் தாங்கிப் பிடிக்க ஒருவர் வேண்டும். டயாலிசிஸ் என்றால் வாரத்தில் இரண்டு மூன்று முறை போய்வர வேண்டும், அதுவும் ஆயுள் முழுக்க. இந்தத் திட்டங்கள் எதுவும் கூட வருகிற ஓர் ஆளைத் தருவதில்லை. அந்த வேலையைத் தூரத்திலிருந்து யாராலும் செய்ய முடியாது. பக்கத்தில் இருக்கும் நாற்பது குடும்பங்களால் முடியும். மாதம் ஒருநாள் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போக வீட்டுக்கு ஒருவர் பெயர் கொடுத்தால், அந்த ஊரில் எந்த நோயாளியும் தனியாகப் பஸ் ஏற வேண்டியதில்லை. பிடி அரிசியின் இடத்தில் இன்று வைக்க வேண்டியது இந்த ஒருநாளைத்தான். பிடி அரிசியும் தொடர்ந்து வந்தால் அதை விற்று ஆட்டோ வாடகைக்கு வைத்துக்கொள்ளலாம்.

மாலைநேர வகுப்பும் இப்படிப்பட்டதே. பீடி சுற்றும் வீட்டிலும் உப்பளத்துக்குப் போகும் வீட்டிலும் பிள்ளையை உட்காரவைத்துக் கணக்குச் சொல்லித்தர மாலையில் ஆள் இருப்பதில்லை. ஆலய வளாகத்தில் ஒரு விளக்கும் ஒரு பாயும், கல்லூரிவரை படித்த இரண்டு பேரும் போதும். ஆனால் இங்கே ஒழுங்கு முக்கியம். ஆறு மணி என்றால் ஆறு மணி. மழை என்றாலும் பண்டிகை என்றாலும் நடக்க வேண்டும். கதவு திறந்திருக்க வேண்டும், பெரியவர் ஒருவர் மட்டும் தனியாகப் பிள்ளைகளோடு இருக்கக்கூடாது, பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து பார்க்கலாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பாட வகுப்பில் வேதபாடம் நடத்தக்கூடாது. வேதபாடத்துக்கு ஓய்வுநாள் பள்ளி இருக்கிறது. அதற்கு வர விரும்புகிறவர்கள் பெற்றோர் அறிய வரட்டும். கணக்குச் சொல்லித்தருகிறோம் என்று கூப்பிட்டுவிட்டு வேறொன்றைச் சொல்லித்தருவது பொய். பொய்யின்மேல் சபை கட்ட முடியாது. மூன்று மாதம் ஓகோவென்று நடத்தி, தேர்வு நேரத்தில் ஆள் இல்லாமல் நிறுத்தினால், தொடங்காமல் இருந்ததைவிட அதிகக் கெடுதல். ஏழை வீட்டுப் பிள்ளை ஏற்கெனவே பலரால் பாதியில் விடப்பட்ட பிள்ளை. அந்தப் பட்டியலில் சபையும் சேரக்கூடாது.

கொடுப்பதைப் பற்றியே இதுவரை சொன்னேன். பெற்றுக்கொள்வது அதைவிடக் கடினம், எனக்கு அதைவிட முக்கியமாகவும் படுகிறது. வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா 1910இல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில் பேசியபோது, வெளிநாட்டு மிஷனரிகளின் தியாகத்தையெல்லாம் நன்றியோடு ஒத்துக்கொண்டு, ஆனால் எங்களுக்குச் சிநேகிதர்கள் வேண்டும் என்று கேட்டார். உதவி செய்கிறவனுக்கும் பெறுகிறவனுக்கும் நடுவே இருக்கும் உயரத்தைத்தான் அவர் சுட்டிக்காட்டினார். அன்று வெள்ளைக்காரருக்கும் இந்தியக் கிறிஸ்தவருக்கும் இடையே இருந்த அந்த உயரம் இன்று நம் சபைக்கும் நம் ஊருக்கும் இடையே இருக்கிறது. கிறிஸ்துமஸ் கேக்கை வீடுவீடாகக் கொடுக்கிறோம். அவர்கள் வீட்டுக் கலியாணச் சாப்பாட்டை, பொங்கலை, கேதத்தை எப்படி எடுத்துக்கொள்கிறோம்? சமாரியப் பெண்ணிடம் இயேசு போதனையோடு தொடங்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டுத் தொடங்கினார். யூதர் சமாரியரோடு புழங்காத காலத்தில் அது சின்னக் காரியம் அல்ல. படைத்த பண்டத்தைச் சாப்பிடலாமா என்ற மனச்சாட்சிக் கேள்வி நம்மில் பலருக்கு உண்டு. நான் அதை அலட்சியப்படுத்தவில்லை. பவுல் கொரிந்து சபைக்கு எழுதியபோது அந்தக் கேள்வியை மிகுந்த அக்கறையோடு எடுத்துக்கொண்டார்; விசுவாசி அல்லாதவர் வீட்டுக்கு அழைத்தால் முன்னே வைப்பதைக் கேள்வி கேட்காமல் சாப்பிடலாம் என்றும், படையல் என்று ஒருவர் எடுத்துச் சொன்னால் தவிர்க்கலாம் என்றும் எழுதினார். தவிர்ப்பதானாலும் கைகூப்பிக் காரணம் சொல்லி, அதே திண்ணையில் உட்கார்ந்து ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வரலாம். துக்கவீட்டுக்குப் போவதில் அந்தச் சிக்கல்கூட இல்லை. எந்தச் சாதி, எந்த மதம் என்று பார்க்காமல் ஊரில் விழும் ஒவ்வொரு சாவுக்கும் சபையிலிருந்து இரண்டு பேர் போய் உட்கார்ந்துவிட்டு வந்தால், ஒரு வருடத்தில் அந்த ஊருக்கும் சபைக்கும் நடுவே பேச்சின் தொனியே மாறிவிடும். எங்கள் பக்கத்து ஆலயங்களின் அசன விருந்துக்கு இந்துக்களும் முஸ்லிம்களும் வந்து பந்தியில் உட்காருவதைப் பெருமையாகச் சொல்லுகிறோம். பெருமைதான். ஆனால் அது ஒருநாள் ஏற்பாட்டால் வந்த கூட்டம் அல்ல. முதல்நாள் இரவு காய்கறி வெட்ட அவர்களும் வந்து உட்காருகிற ஊரில்தான் பந்தி நிறைகிறது. ஆண்டு முழுக்கப் பேச்சுவார்த்தை இல்லாத ஊரில் அண்டாச் சோறு மிஞ்சும்.

சபைக்குள்ளிருந்து வரும் மறுப்பு ஒன்று உண்டு: இதெல்லாம் சமூக சேவை, சுவிசேஷம் எங்கே? ஆத்தும பாரத்தோடு கேட்கிறவர்களை நான் மதிக்கிறேன். சொல்லும் கட்டளை நமக்கு இருக்கிறது. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் யாரிடம் சொல்கிறோம்? ஒலிபெருக்கிக் குழாயைத் தெருப்பக்கம் திருப்பிவைத்துச் சொல்வது நம்மை அறியாதவர்களுக்குச் சொல்வது. அவர்கள் காதில் விழுவது சத்தம்தான். நம் நம்பிக்கைக்குக் காரணம் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடு பதில் சொல்ல ஆயத்தமாக இருக்கும்படி பேதுரு எழுதினார். கேட்க ஒருவர் வேண்டுமே. மூன்று வருடமாக என் தாயை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறாயே, எதற்கு என்று கேட்கிறவரிடம் சொல்லும் ஒரு வாக்கியத்துக்கு உள்ள கனம் மேடைப் பிரசங்கத்துக்கு வராது. அவர் கேட்காமலே இருந்துவிட்டாலும் கூட்டிப்போவதை நிறுத்தக்கூடாது. 1876 முதல் 1878 வரை நடந்த பெரும்பஞ்சத்தை ஒட்டித் திருநெல்வேலியில் ஆயிரக்கணக்கானோர் சபைகளில் சேர்ந்தார்கள். பிறகு விலகிப்போனவர்களும் அநேகர். உதவியோடு பின்னிப் பிணைந்து வரும் சேர்க்கை உதவியோடே போய்விடக்கூடும் என்பதை நம் சொந்தச் சரித்திரமே எழுதிவைத்திருக்கிறது.

வெளியிலிருந்து வரும் மறுப்பு அதற்கு நேர் எதிரானது: இதெல்லாம் மதம் மாற்றும் தந்திரம். 2002இல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தபோதும், 2004 தேர்தலுக்குப் பின் அது விலக்கப்பட்டபோதும் இந்தப் பேச்சு இருந்தது, இன்றும் இருக்கிறது. அரசியல் சாசனத்தின் 25ஆவது பிரிவு சமயத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று 1977இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. சட்டத்தை அறிந்திருப்பது நல்லது. ஆனால் சந்தேகத்தைத் தீர்ப்பது சட்டம் அல்ல, வெளிப்படைத்தன்மை. உதவி பெற்றவரை ஆராதனைக்கு அழைக்கக்கூடாது. அவராகக் கேட்டாலன்றி அவர் வீட்டில் ஜெபம் செய்யக்கூடாது. அவர் படத்தை எடுத்து வாட்ஸ்அப்பில் போடக்கூடாது. பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் ஊருக்குத் தெரிய வேண்டும். 2020இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டு விதிகள் இறுகியதால் பல தொண்டுப் பணிகள் தடுமாறின. சிறிய சபைக்கு இதனால் நட்டம் இல்லை. உள்ளூர் உண்டியலில் விழுந்த காசில் நடக்கும் வேலைக்கு யாரிடமும் கணக்கு ஒளிக்க வேண்டியதில்லை. கணக்கை ஆலயக் கதவில் ஒட்டிவைக்கலாம். நான் ஒட்டச் சொல்வேன்.

இதுவரை சொன்ன எல்லாவற்றையும்விடப் பெரிய தடை சாதி. நம் பணி ஊரைச் சென்றடைகிறது என்று அறிக்கை எழுதும்போது எந்த ஊர் என்று கேட்க வேண்டும். எங்கள் பகுதியில் பல சபைகள் பெரும்பாலும் ஒரே சாதியார் கூடும் சபைகள். ஊர்ப்பணியும் அந்தச் சாதியின் தெருக்கோடியில் நின்றுவிடுகிறது. கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று 1833இல் சுற்றறிக்கை அனுப்பினார். வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலில் சாதிக்காக எழுப்பிய தடுப்புச்சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. சுவர் போனது, பந்தியிலும் கல்லறையிலும் கமிட்டித் தேர்தலிலும் கோடு இன்னும் இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையால் தலித் கிறிஸ்தவர்கள் பட்டியல் சாதிக்குரிய உரிமையை இழந்து நிற்கிறார்கள். அரசு மதத்தைச் சொல்லி ஒதுக்குகிறது, சபை சாதியைச் சொல்லி ஒதுக்குகிறது. இந்த நிலையில் தன் சாதித் தெருவைத் தாண்டாத சபை நற்செய்தியைக் கொண்டுபோகிறது என்று யார் நம்புவார்கள்? சாதியைத் தொட்டால் சபை உடையும், முதலில் பணி நடக்கட்டும், மனம் மெல்ல மாறும் என்று மூத்தவர்கள் சொல்லுவார்கள். சபை உடைவதன் வலி எனக்குத் தெரியும். ஆனால் மெல்ல மாறட்டும் என்று விடப்பட்டது தலைமுறைகளாக மாறவில்லை. மாலை வகுப்பை எந்தத் தெருவில் வைப்பது, கேதத்துக்கு எந்தத் தெருவுக்குப் போவது, அசனத்தில் யார் சமைப்பது, யார் பரிமாறுவது என்ற நான்கு முடிவுகளில் கமிட்டியின் விசுவாசம் தெரிந்துவிடும். வகுப்பைக் காலனிக்குள் வைத்து, மற்றத் தெருப் பிள்ளைகளை அங்கே வரச்சொல்லுங்கள். சிலர் அனுப்பமாட்டார்கள். அனுப்புகிற சிலரோடு தொடங்கினால் போதும்.

ஆள் இல்லை, எல்லாரும் வயதானவர்கள் என்ற முறையீட்டையும் கேட்கிறேன். வயதானவர்களால் மனு எழுத முடியும், ஆஸ்பத்திரி வரிசையில் பேச்சுத்துணையாக இருக்க முடியும், துக்கவீட்டில் உட்கார இளைஞரைவிட அவர்களே பொருத்தம். இதைவிட உண்மையான ஆபத்து எங்களைப் போன்ற குருமார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திருமண்டலம் எங்களை மாற்றும். புதிதாக வருகிறவர் புதிதாக ஒன்றைத் தொடங்குவார், பழையது நின்றுபோகும். ஐயர் நடத்தும் பணி ஐயரோடு போய்விடும் என்பது ஊருக்கும் தெரிந்திருப்பதால் அவர்கள் அதை நம்புவதில்லை. ஆகவே இந்த வேலை சபையாரின் கையில் இருக்க வேண்டும். குருவானவர் கூட நிற்பவராக மட்டும் இருக்க வேண்டும்.

சபைக் கமிட்டியார் ஒவ்வொருவரிடமும் நான் கேட்பது இதுதான். வரும் ஏப்ரலில் வரவுசெலவுத் திட்டம் எழுத உட்காரும்போது, பந்தலுக்கும் மைக்செட்டுக்கும் எழுதுமுன், ஊர்ப்பணிக்கென்று பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரு தொகை எழுதுங்கள். அதற்குப் பொறுப்பாக இரண்டு பேரின் பெயரையும் எழுதுங்கள். அந்த இரண்டில் ஒன்று பெண்ணின் பெயராகவும், இரண்டில் ஒன்றாவது உங்கள் தெருவைச் சேராதவரின் பெயராகவும் இருக்கட்டும்.